அத்தை திருப்பிப் போட்ட வீடு

பாப்பா, தம்பி, இது உங்கள் ரெண்டு பேருக்கும் எழுதுவது. பாப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

நேற்றுச் சாயங்காலம் பாப்பா கையில் போனை வைத்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்து இங்கிலீஷ் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் வாயால் பேசிக் காட்ட வேண்டிய பரீட்சை ஒன்று உண்டாம். போன் கேள்வி கேட்கும், இவள் பதில் சொல்ல வேண்டும். நீ அடிக்கடி போய்வருகிற ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பற்றிச் சொல் என்பது நேற்றைய கேள்வி. பாப்பா சொன்னதில் எனக்கு அரைவாசிதான் புரிந்தது. கொடைக்கானலில் ஒரு மாமாவாம். பங்களாவாம். முன்னால் புல்தரையாம், ரோஜாத் தோட்டமாம். நமக்குக் கொடைக்கானலில் மாமா ஏது என்று கேட்டேன்.

"சும்மா கற்பனைப்பா. நம்ம சொந்தத்துல சொல்லிக்கிற மாதிரி வீடு எது இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றாள். தம்பி சிரித்தான். உங்கள் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். சட்டென்று பதில் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. பஸ் போன பிறகு கை காட்டுகிற ஆள் நான். அதனால்தான் இன்று காலையில் கடையைத் திறக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொல்லிக்கிற மாதிரி வீடு நமக்கு இருந்தது. புல்தரை கிடையாது, ரோஜா கிடையாது. ஒரு சமயம் முன்வாசலே கிடையாது. ஆனாலும் உன் கொடைக்கானல் பங்களாவுக்கு ஒரு பிடி மேலேதான். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பற்றி மட்டும் குறைத்துப் பேசாதீர்கள்.

அது ராஜபாளையத்தில் ரெங்கம்மா அத்தையின் வீடு. அத்தை என் அப்பாவின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த குருசாமி மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். எண்பதுகளின் கடைசியில், படித்தது போதும் என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்ட பிறகு, அங்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணி செய்கிற இடம். பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்துக் காயவைத்த துணியைச் சுமந்துபோய் வெட்டுகிற மிஷினில் சேர்ப்பது என் வேலை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் ஏறுவேன். மத்தியானச் சாப்பாடு அத்தை வீட்டில். ஆகவே 'அடிக்கடி' என்ற சொல்லுக்காக நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, பாப்பா. வேலைநாள் எல்லாம் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போனேன்.

நம் அப்பார்ட்மெண்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிற அன்று நீங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்துப் பசிக்கும். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. சட்டையெல்லாம் அந்த வாடையோடுதான் நான் அத்தையின் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏலே, ஆஸ்பத்திரியவே தூக்கிட்டு வாரியே. கையக் கழுவிட்டு உக்காரு. கழுவுனதக் காட்டிட்டு உக்காரு" என்பாள். காட்டுவேன். மோந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய்க் கழுவு என்பாள்.

வீடு பெரிதில்லை. முன்னறை, நடு அறை, அடுப்படி என்று ரயில்பெட்டி போல ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறை. மேலே நாட்டு ஓடு. அந்த வீட்டில் பெருமைக்குரிய பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது முன்வாசல் நிலைதான். நிலை என்றால் கதவைத் தாங்கி நிற்கிற மரச்சட்டம். மாமாவின் அப்பா எங்கோ இடித்த பெரிய வீட்டிலிருந்து வாங்கிவந்த தேக்கு. வீட்டுக்குச் சம்பந்தமில்லாத உயரம். பின்வாசலோ குனிந்து போகிற சின்னக் கதவு. அதற்கு வெளியே துவைகல், சாம்பல் குவியல், பிறகு ஒரு சாக்கடைச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த தெருக்காரர்களின் கொல்லைப்புறங்கள்.

வீட்டின் பக்கவாட்டில் மில். மாமா வேலை பார்த்த அதே மில். அதன் பேரை நான் எழுதப் போவதில்லை, அது பேர் எழுதி வைக்கிற மாதிரி நடந்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ராவும் பகலும் மிக்ஸி அரைத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். டம்ளரில் ஊற்றிய தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் யார் பேசினாலும் சண்டை போடுகிற மாதிரி கத்தித்தான் பேச வேண்டும். நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று கேலி செய்கிறீர்களே, நான் பேசப் பழகியது அங்கே.

மாமா மட்டும் கத்தமாட்டார். மில்லுக்குள் அத்தனை மிஷின் ஓடும்போது கத்தியும் பிரயோசனமில்லை. அதனால் மில் ஆட்கள் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். அடுத்தவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இருபது வருஷம் அப்படிப் பேசிப் பேசி மாமாவுக்கு வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. நடு அறையில் இருந்து உதட்டை அசைப்பார். அடுப்படியில் இருந்து அத்தை, "மோரு ஊத்தியாச்சுன்னு சொன்னேம்லா" என்று கத்துவாள். அவர் என்ன கேட்டார் என்பதை அவள் பதிலை வைத்துத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேச்சு மட்டும் கேட்கிற வீடு அது. முதல் கொஞ்ச நாள் அத்தை தனக்குத்தானே பேசுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள், கோதை மதினி. என்னைவிட ரெண்டு வயது மூத்தவள். அத்தை மகளாய் இருந்தும் எனக்கு முறை இல்லாமல் போனது அந்த ரெண்டு வயதால்தான். "ஏலே, செத்த முந்திப் பொறந்திருந்தா ஒன்னயவே கட்டிட்டு டவுன் பஸ்ல வந்திருப்பேம்லா. இப்பம் வத்திராயிருப்பு வரைக்கும் போகணும்" என்று சாப்பிடும்போது சொல்லி என்னைப் புரையேற வைப்பாள். வத்திராயிருப்பில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இனி அவர்கள் குடும்பத்தோடு வந்து பெண் தலையில் பூ வைத்து நிச்சயம் செய்ய வேண்டியதுதான் பாக்கி. தை மாசம் என்று முடிவாயிற்று.

அந்த நேரம் பார்த்து மில்லுக்கு இடம் போதவில்லை. அத்தை வீட்டுக்கு முன்னால் இருந்த மனைகளை எல்லாம் குடோன் கட்ட வாங்கிவிட்டார்கள். அத்தை வீடு மட்டும் பாக்கி. மாமாவின் மேஸ்திரியையே பேசுவதற்கு அனுப்பினார்கள். மாமாவை வேலை வாங்குகிறவர். அவர் வந்து உட்கார்ந்த அன்று நான் கையில் சோற்றுருண்டையோடு அங்கேதான் இருந்தேன்.

"நல்ல விலை தருவாக குருசாமி. இந்தச் சத்தத்துல கெடந்து என்னத்துக்குக் கஷ்டப்படுதிய? வேற எடத்துல மச்சு வீடாவே கட்டிக்கிடலாம்" என்றார் மேஸ்திரி.

"எங்களுக்கு இந்தச் சத்தம் இல்லன்னா தூக்கம் வராது மேஸ்திரியாரே" என்றாள் அத்தை.

மாமா அத்தையின் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தார். அத்தையும் உதட்டாலேயே ஏதோ திருப்பிச் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேஸ்திரி காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அதத்தான் நானும் சொல்லுதேன் குருசாமி. மக கல்யாணத்துக்கும் ஆவும்ல" என்றார்.

மேஸ்திரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி போனார். அவர் போன பிறகு அத்தை போட்ட சத்தத்தில்தான் நடந்தது எனக்கு விளங்கியது.

"அவரும் அந்த மில்லுலதான குப்ப கொட்டுதாரு? வித்துருவமான்னு அவரு மொகத்துக்கு முன்னாலயா உதட்ட அசைப்பிய?"

"மறந்துட்டேன்" என்று மாமா உதட்டால் சொன்னார். அது எனக்கே புரிந்தது.

அன்று முதல் மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் தள்ளினால் சாய்கிற பக்கம் எது என்று. மாமாவை நூற்கிற பகுதியிலிருந்து எடுத்து, பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கிற பகுதியில் போட்டார்கள். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். இருமல் வந்தது. தொண்டையில் ஒட்டிய பஞ்சுத்தூசி இறங்கட்டும் என்று அத்தை நாட்டுச் சர்க்கரையைக் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் நிற்பாள். அவள் பேசாமல் நின்ற நேரங்கள் எனக்கு நினைவிருக்கின்றன, குறைவு என்பதால்.

பிறகு சுவர் வந்தது. முன்வாசலுக்கு வந்துகொண்டிருந்த பாதை உண்மையில் முன்னால் இருந்த மனைக்காரருடைய இடம். காலம்காலமாக எல்லாரும் நடந்தார்கள், அவ்வளவுதான். மனை மில்லுக்குப் போனதும் பாதையும் கூடவே போய்விட்டது. கதவைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே சுவர். முன்னறை மத்தியானத்திலேயே இருட்டிவிட்டது. வீட்டுக்குள் வர ஒரே வழி, சாக்கடைச் சந்தும் குனிந்து போகிற பின்கதவும்.

இப்போது புரிகிறதா என்ன பிரச்சினை என்று? சம்பந்தி வீட்டார் பூத்தட்டும் பழத்தட்டுமாய் வருகிறார்கள். அவர்களைச் சாம்பல் குவியலைச் சுற்றிக் கொல்லைப்புறமாய்க் குனிந்து வரச் சொல்ல முடியுமா? கல்யாணமாகிப் போகிற பெண்ணைப் பின்வாசல் வழியாய் அனுப்புகிற வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது?

என் அப்பா நல்லெண்ணத்தோடுதான் போய்ச் சொன்னார். "அக்கா, பூ வைக்கிறதையும் கல்யாணத்தையும் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுல வச்சுக்கிடுவோம். ஆண்டாளு கோயிலு பக்கம். அதவிட நல்ல எடம் எது?"

"ஆண்டாளு வாசல் ஆண்டாளுக்கு. எம் மகளுக்கு என் வாசல்" என்றாள் அத்தை.

"வாசல்தான் இல்லையே."

"இருக்கும்."

அப்பா கோபித்துக்கொண்டு பஸ் ஏறினார். கோதை மதினி பஞ்சுத்துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்காக விக்காதம்மா. எனக்காக வச்சுக்கிடவும் வேண்டாம். ஒனக்கு வேணும்னா வச்சுக்க." அத்தை மகளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத்தாம்ட்டி வேணும்" என்றாள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "வீட்டத் திருப்பிருவோம்."

"ஏட்டி, வீடென்ன தோசையா?" என்று மாமா கேட்டார். சத்தமாகவே கேட்டார். அவர் வாய்விட்டுப் பேசி நான் கேட்ட சில வாக்கியங்களில் அது ஒன்று.

அவள் யோசனை இதுதான். முன்வாசல் நிலையைப் பெயர்த்து எடுத்துப் பின்வாசலில் நிறுத்துவது. அடுப்படியை முன்னறைக்குக் கொண்டுபோவது. சந்தைத் தெருவாக்குவது. சந்து தெருவாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "கூட்டணும், கோலம் போடணும். தெருன்னா வேற என்னலே?" என்றாள்.

ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "நின்ன நிலையப் பேக்கக் கூடாது. பேத்து வேற தெசையில வச்சா வீட்டுக்காரிக்கு ஆவாது" என்றார்.

"எனக்கு ஆவாட்டாப் போகுது. எம் மகளுக்கு ஆவுமா, ஆவாதா? அதச் சொல்லுங்க."

ஆசாரி செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு காதர் கொத்தனாரிடம் போனேன். எங்கள் கம்பெனிக்குத் தொட்டி கட்டியவர். வந்து முன்னும் பின்னும் பார்த்தார். "அக்கா, நான் வீடு கட்டிருக்கேன், இடிச்சிருக்கேன். திருப்புனது இல்ல. இருங்க, கத்துக்கிடுதேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். நிலையைப் பெயர்த்துக் கீழே சாய்த்த பிறகுதான் நாங்கள் எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் என்று தெரிந்தது. அறைக் கதவுகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, அத்தனை பெரிய நிலையைப் படுக்கவைத்தாலும் நடு அறைக்குள் திருப்ப முடியாது. சுற்றிக் கொண்டுபோகலாம் என்றால் சுவர். காதர் கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை முறைத்தாள்.

மாமா ஏணியை எடுத்துச் சாய்த்துக் கூரை மேல் ஏறினார். கூரை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டைப் பிரித்து வழி செய்து, கயிறு கட்டி, கீழிருந்து நானும் கொத்தனாரும் தள்ள, மேலிருந்து மாமா இழுக்க, நிலை மேலே ஏறியது. ஏறி, நடுவில் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. மாமாவால் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்க்க முடியவில்லை. எங்களுக்கும் கீழிருந்து தெரியவில்லை.

மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? பக்கவாட்டு ஜன்னல்களில் ஷிப்டில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராய் வந்து நின்றார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குடோன் வேலையைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரி நின்றார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் வேலைக்கு ஆபத்து. அவர்கள் முகத்தை மேஸ்திரிக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டு, மாமாவைப் பார்த்து உதட்டை அசைத்தார்கள். ஒரு ஜன்னல் இல்லை, ஜன்னல் வரிசை முழுக்க. மாமா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். பார்த்து, வலது பக்கம் அழுத்தினார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு இடது பக்கம் இழுத்தார். நிலை கட்டையை விட்டு விலகி மெதுவாகச் சரிந்து பின்பக்கம் இறங்கியது. அங்கே யாரும் ஒரு சத்தமும் போடவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை பேர் சேர்ந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "குருசாமி, என்னய்யா வேல இது?" என்று கத்தினார். மாமா பதில் சொல்வதற்கு முன்னால் அத்தை சேலையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஓட்டுக்கு மேலே தலையை நீட்டி மேஸ்திரியை நேராகப் பார்த்து, சத்தமே இல்லாமல், உதட்டால் நிதானமாக ஏதோ சொன்னாள். நீளமான வாக்கியம். மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஜன்னலில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மாமா கூரை மேல் உட்கார்ந்து இருமி இருமிச் சிரித்தார்.

"அத்தை என்ன சொன்னாக மாமா?" என்று பிறகு கேட்டேன்.

"அது ஒனக்கு வேண்டாம்லே. நீ கல்யாணம் ஆகாத பய" என்றார்.

நிலை நின்றது. பின்பக்கக் கூரை தாழ்வு என்பதால் ஓட்டு வரிசைக்கு மேலே அதன் நெற்றி நீட்டிக்கொண்டிருந்தது, அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப்பையன் மாதிரி. அழகாய் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். நின்றது. அடுப்பு முன்னறைக்குப் போனது. "நம்ம புளிக்கொழம்ப மோந்துக்கிட்டே நூலு நூக்கட்டும்" என்றாள் அத்தை. அதோடு விடவில்லை. வீட்டுப் பக்கம் இருந்த மில் சுவர் முழுக்க வரட்டி தட்டினாள். மேஸ்திரி ஆள் அனுப்பிக் கேட்டபோது, "சொவரு ஒங்களுது, இருட்டு எங்களுதுதான? அதுல தட்டுனோம்" என்று சொல்லி அனுப்பினாள்.

சந்தில்தான் பெரிய வேடிக்கை. அத்தையின் புது முன்வாசலுக்கு எதிரே எல்லாமே கொல்லைப்புறம். கோலம் போடுகிற இடத்தில் எதிர்வீட்டு வெங்கடம்மா பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்து நிற்கும். தெலுங்கு பேசுகிற குடும்பம். "ஏமி வதினா, இல்லு திரிகிந்தா?" என்று கேட்டுச் சிரித்தாள், என்ன மதினி, வீடு திரும்பிவிட்டதா என்று. அத்தை சண்டை போடவில்லை. தினமும் விடியுமுன் தன் வாசலோடு சேர்த்து வெங்கடம்மாவின் கொல்லையையும் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு வந்தாள். தன் கொல்லையில் கிடக்கிற கோலத்தின் மேல் யார்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது அவள் கணக்கு. அடுத்தவள் போட்ட கோலத்தின் மேல் வெங்கடம்மாவாலும் ஊற்ற முடியவில்லை. பூ வைக்கிற நாள் நெருங்கும்போது அந்தச் சந்து நெடுகக் கொல்லைக்குக் கொல்லை கோலம் கிடந்தது.

அந்த நாளும் வந்தது. நான் பேண்ட் போட்டுக்கொண்டு சந்து முனையில் நின்றேன். சொன்ன நேரத்துக்கு யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஷிப்ட் முடிந்த ஒரு மில் ஆள் சைக்கிளில் வேகமாய் வந்து இறங்கினார். வழி மாறியதை முன்கூட்டிச் சொல்லிவிட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, மாப்பிள்ளை வீட்டார் பழைய பாதை வழியாகவே வந்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்துத் திகைத்து மில் கேட்டில் விசாரித்திருக்கிறார்கள். மேஸ்திரி அங்கே நின்று, "அந்த வீடா? மில்லுக்கு வித்துட்டுப் போயாச்சே" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் திரும்பி பஸ் ஸ்டாப்புக்கே நடந்துவிட்டார்கள்.

அந்த ஆளின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தேன். பஸ் ஸ்டாப்பில் பூவரச மரத்தடியில், பூத்தட்டையும் பழத்தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வீட்ட வித்துட்டு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம இருக்கது மொறையா தம்பி?"

"விக்கல பெரியப்பா. திருப்பிட்டோம்."

"என்னத்தத் திருப்புனிய?"

"வீட்ட."

அவர் என் முகத்துக்குக் கிட்ட வந்து மோந்து பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று. பிளீச்சிங் பவுடர் வாடைதான் அடித்திருக்கும். அந்த நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. பெண்கள் எழுந்துவிட்டார்கள். நான் சைக்கிளை பஸ் படிக்கட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, கண்டக்டர் வைத வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, "ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க. பொறவு ஒங்க இஷ்டம்" என்றேன். பஸ் போன பிறகு கை காட்டுகிறவன் என்று சொன்னேன் அல்லவா, அன்று ஒருநாள் பஸ் நிற்கும்போதே காட்டினேன்.

சந்தில் அவர்கள் நடந்து வந்தபோது எல்லாக் கொல்லைக் கதவுகளும் திறந்திருந்தன. வெங்கடம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அத்தை தன் நிலைக்குக் கீழே நின்றாள். மாமா அவளுக்குப் பின்னால். மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். ஓட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நிலையை அண்ணாந்து பார்த்தார். பின்னால் கைகட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"இது பொறவாசல்லா தங்கச்சி?"

"பொறவாசலாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. வழிய அடைச்சாக. வீட்டக் குடுன்னாக. குடுக்க மனசில்ல. இந்தப் பக்கம் திருப்பிட்டேன். எம் மக இது வழியாத்தான் போவா. ஒங்களுக்குச் சம்மதம்னா உள்ள வாங்க. இல்லன்னா மோராவது குடிச்சிட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கிய."

அத்தையின் குரல் அப்போதும் மில் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் கேட்டது. சொல்லிவிட்டு நிலையிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே கோதை மதினி தலைவாரி, பூ வைக்காத தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, வீட்டையே திருப்புன பொம்பளயோட மவ. ஒம் பாடு கஷ்டந்தான். யோசிச்சுக்க" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தார். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நிலை உயரம் என்பதால் அவர் குனிய வேண்டியிருக்கவில்லை.

அந்த மாசமே கோதை மதினி அந்த வாசல் வழியாகத்தான் போனாள். இது ஏதோ நாங்கள் ஜெயித்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். மாமாவை அந்தப் பஞ்சடிக்கிற பகுதியிலிருந்து கடைசிவரை மாற்றவில்லை. இருமல் அவரை விடவில்லை. வித்திருந்தால் இந்த இருமல் வந்திருக்குமா என்று நான் ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டேன். "வித்துட்டுப் போனவனும் எங்கூடத்தாம்லே நின்னு இருமுதான்" என்றார்.

பிறகு எனக்கு மதுரையில் வேலை கிடைத்து, கடை வைத்து, உங்கள் அம்மா வந்து, நீங்கள் வந்து, என் போக்குவரத்து குறைந்தது. தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்த மில்லை மூடிவிட்டார்கள். சத்தம் நின்றது. சத்தம் நின்ற வீட்டில் அத்தை அதே பழைய குரலில் கத்திக்கொண்டிருந்தாள். அவள் மாமாவைத் திட்டுவது சந்து முழுக்கக் கேட்டது. மாமா உதட்டை அசைத்துச் சொல்கிற பதில் வழக்கம்போல அவளுக்கு மட்டும்தான். முதலில் அவர் போனார், பிறகு அவள். ரெண்டு பேரும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். ஆசாரி சொன்ன மாதிரி அத்தைக்கு ஆகாமல் போகவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நன்றாக வாழ்ந்து, எல்லாரையும் வைது, பல் விழுந்த பிறகுதான் போனாள்.

வீட்டை மதினி பிற்பாடு கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வத்திராயிருப்பில் இருந்துகொண்டு அதைக் கட்டி மேய்க்க முடியாது. வாங்கினவர்கள் இடித்துவிட்டு மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சந்தில் இப்போது சிமெண்ட் போட்டிருக்கிறது, கோலம் இல்லை. மில் கட்டடத்தையும் குடோனையும் இடித்து மனை போட்டுவிட்டார்கள். வெறும் உதட்டால் ஒரு வாக்கியம் முழுக்கச் சொல்கிறவர்கள், அதை இருபது அடி தள்ளி நின்று படிக்கிறவர்கள், அந்த ஊரில் இனி எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அத்தை மேஸ்திரியிடம் சொன்ன அந்த வாக்கியம் என்ன என்று சொல்லக் கூடியவர்கள் யாருமே இல்லை.

ஆனால் ஒன்று. வீட்டைக் குடு என்று கேட்ட மில் முதலில் போனது. குடுக்கமாட்டேன் என்ற வீடு அதற்குப் பிறகும் பல வருஷம் நின்றது. உன் பரீட்சையில் இதைச் சொல், பாப்பா. அவர்களுக்குப் புரிகிற இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பது உன் பாடு. அத்தனை பணம் கட்டிப் படித்திருக்கிறாய்.

போன மாசம் சரக்கு எடுக்க ராஜபாளையம் போனபோது, உங்களிடம் சொல்லவில்லை, அந்த மில் இருந்த இடத்துக்குப் போனேன். மனை விற்பனைக்கு என்று பெரிய போர்டு. அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று சின்ன போர்டு. காவலுக்கு இருந்தவர் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். குறுக்கே ஒரு சங்கிலி தொங்கியது. அதைத் தாண்டி உள்ளே போனேன். முள்செடிக்கு நடுவில் அந்தப் பழைய சுவரின் அடிப்பகுதி மட்டும் கணுக்கால் உயரத்துக்கு, ஒரு கோடு மாதிரி மிச்சம் இருந்தது. அத்தை வீட்டு முன்வாசலுக்குப் போன எங்கள் பாதை எது என்று நிதானித்துப் பார்த்தேன். பிறகு மனைக் கல்லையெல்லாம் பார்க்காமல், வளையாமல், அந்தப் பாதை வழியாகவே நேராக நடந்தேன். சுவர் வந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினேன். பழைய முன்வாசல் இருந்த இடம் வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வரும்போதும் அதே வழியாகத்தான் வந்தேன்.